அம்பு ஒட்டிய சட்டைகள்

என் மாப்பிள்ளை பேசிய பேச்சை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆறு வருஷமாக அவர் வீட்டில் இருக்கிறேன். என் புருஷன் போன பிறகு மகள் வந்து, "வாம்மா, அங்க தனியா உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு என்ன பண்ணப் போற" என்றாள். வந்துவிட்டேன். மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். என் பெட்டியை வாங்கினார். அதன் மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"அத்தை, இங்க தையல் விட்டிருக்கு" என்றார்.

வரவேற்பு அவ்வளவுதான்.

அவர் சட்டைக் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்துக் குறை பார்க்கிற வேலை. தலைக்கு மேலே நாலு டியூப்லைட். மேஜை கொஞ்சம் சாய்வாக இருக்கும். உட்கார நாற்காலி கிடையாது. முதலில் காலர், பிறகு தோள், கை, பட்டன் பட்டி, பை, பக்கத் தையல், கடைசியில் அடிமடிப்பு. ஒரு சட்டைக்கு முக்கால் நிமிஷம். குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். சுண்டு விரல் நகம் அளவு ஸ்டிக்கர். அம்பு ஒட்டியது திரும்பப் போகும், ஒட்டாதது பெட்டிக்குப் போகும். பதினெட்டு வருஷம் இதே வேலை. கம்பெனியில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

என் மகளை அவர் கட்டிக்கொண்டதும் அந்த மேஜையில் தொடங்கிய கதைதான். இவள் அங்கே காலர் தைக்கிறவள். ஒரே நாளில் இவள் தைத்த பதினோரு காலரில் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். இவள் என் வயிற்றில் பிறந்தவள், சும்மா இருப்பாளா? மெஷினை நிறுத்திவிட்டு நேரே மேஜைக்குப் போய், "உங்களுக்கும் எனக்கும் ஏதாவது முன்பகையா?" என்று கேட்டாளாம். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு காலரை மடித்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினாராம். ஒரு முனை ஒரு நூல் அளவு நீளம். அவ்வளவுதான். பார்த்துவிட்டு வந்து பிரித்துத் தைத்தாள். அதற்குப் பிறகு இவள் தைத்த காலரில் அம்பு விழுந்ததே இல்லை. அடுத்த வருஷம் கல்யாணம். பிள்ளை இல்லை. அதற்காக யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

கம்பெனியை ஒரு செவ்வாய்க்கிழமை மூடினார்கள். வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோய் நாலு மாசம் ஆகியிருந்தது. அந்த வட்டாரத்தில் அதற்கு முன்பே ஏழெட்டுக் கம்பெனி மூடியாகிவிட்டது. காலையில் இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள், பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். படிக்கத் தெரிந்தவர்கள் படித்து மற்றவர்களுக்குச் சொன்னார்களாம். சில பேர் அழுதார்கள், சில பேர் கத்தினார்கள், யாரோ கல்லை விட்டெறிந்தார்கள்.

"உன் மாப்பிள்ளை என்ன சொன்னாரு தெரியுமா? தாளைக் கோணலா ஒட்டியிருக்காங்கன்னாரு" என்றாள் மகள்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை எழுந்தார், குளித்தார், சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மகள் சாப்பாடு கட்டிக் கையில் கொடுத்தாள்.

"ஏண்டி, மூடின கம்பெனிக்கு எதுக்குடி சாப்பாடு கட்டிக் குடுக்கற?"

"மத்தியானம் பசிக்கும்ல?"

அப்படிப் பதினோரு நாள் போனார். பூட்டிய கேட்டுக்கு எதிரே நின்றுவிட்டு, ஐந்தரை மணிக்குத் திரும்பி வருவார். பதினோராம் நாள் காவல்காரன், "அண்ணே, நாளையிலேர்ந்து நானும் வர மாட்டேன், என்னையும் நிறுத்திட்டாங்க" என்று சொல்லியிருக்கிறான். அதோடு போவதை நிறுத்தினார். வீட்டில் ஜன்னல் ஓரமாக நிற்க ஆரம்பித்தார்.

எங்களுக்கு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. முன்னறையில் ஒரு ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உட்காருங்கள் என்றால் உட்காருவார், நான் அந்தப் பக்கம் போனதும் எழுந்து நின்றுவிடுவார். கோபம் இல்லை, அழுகை இல்லை, குடி இல்லை. குடித்துவிட்டு நாலு பாத்திரத்தைப் போட்டு உடைத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆள் இருந்தார், உள்ளே விளக்கு எரியவில்லை.

மகள் அப்படி நிற்கவில்லை. நாலு இடம் விசாரித்தாள். தையல் வேலை எங்கேயும் இல்லை. ஒரு நாள் போன் கடைக்கு மேலே இருக்கிற ஏஜென்ட் ஆபீஸுக்குப் போய் வந்தாள். கடல் தாண்டி ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு கிழவி. அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேயே தங்கவேண்டும். இரண்டு வருஷம். நடுவில் வர முடியாது.

சாப்பிடும்போது சொன்னாள். நான் வாயில் வைத்ததை மெல்லவில்லை. மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வருஷம்" என்றாள் மகள் மறுபடியும்.

"சரி" என்றார்.

பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள். "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தேம்மா. சொல்லியிருந்தா வேற வழி யோசிச்சிருப்பேன். சரின்னுட்டாரு."

"அவரு எப்பத்தான் வாயத் தொறந்தாரு?"

"தொறக்கலைன்னா போறேன். எத்தனை நாளைக்குத்தான் நானே பேசி நானே பதில் சொல்லிக்கறது?"

பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் ஏஜென்ட்டிடம் கொடுத்தாள். அடுத்த மாசம் இருபதாம் தேதி பயணம் என்று சொல்லிவிட்டான். அதற்கு முன் பயிற்சி வகுப்பு. படுத்திருப்பவரை எப்படிப் புரட்டுவது, எப்படி ஈரத்துணியால் துடைப்பது, இதெல்லாம். வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிலில் போட்டுப் புரட்டிப் பழகினாள்.

"மெதுவாடி. நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்."

"அந்தக் கிழவியும் உசுரோடதாம்மா இருப்பா. அசையாம இரு."

அசையாமல் இருந்தேன். இவள் போய்விட்டால் இந்த இரண்டு அறையில் நானும் மாப்பிள்ளையும் மட்டும். ஒருத்தி வாய் மூடாதவள், ஒருத்தர் வாய் திறக்காதவர். அதைவிட ஒன்று. இரண்டு வருஷம் கழித்து இவள் இந்த மனுஷனிடம் திரும்பி வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. இவள் பெட்டியில் குளிர்காலத் துணியை மட்டும் வைக்கவில்லை, கல்யாண போட்டோவையும் எடுத்து வைத்தாள், பிறகு வெளியே எடுத்து வைத்துவிட்டாள். நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார். அவர் கண்ணுக்கு எது தப்பும்?

"மாப்பிள்ள, வேற வேலை தேடுங்க" என்றேன்.

"எனக்குப் பாக்கத்தான் தெரியும் அத்தை."

"அதையாவது எங்கயாவது போய்ப் பாருங்க. இந்தக் குழாயைப் பாத்துப் பாத்து அதுவே தேஞ்சு போச்சு."

அவரை நம்பினால் ஆகாது என்று கடைத்தெருவில் இருக்கிற ரெடிமேட் துணிக்கடைக்கு நானே போனேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பெரிய குரல்.

"உங்க மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்?"

"சட்டையைப் பத்தி அவருக்குத் தெரியாதது கிடையாது."

"ஆளுங்ககிட்ட நல்லாப் பேசுவாரா?"

"வாயைத் தொறந்தா மூட மாட்டாரு."

பொய்தான். தேவைக்குச் சொன்ன பொய்.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தார். மகள் வகுப்புக்குப் போய்விடுவதால் மத்தியானச் சாப்பாட்டை நான் எடுத்துப் போனேன். போனபோது ஒரு அம்மா தன் பையனுக்குச் சட்டையைத் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்காண்ணே?" என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். அவர் சட்டையை வாங்கினார், காலரிலிருந்து அடிவரை பார்த்தார்.

"இடது கை கால் அங்குலம் குட்டை" என்றார்.

அந்த அம்மா சட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்படி அன்று காலையிலிருந்து அவள் ஐந்தாவது ஆள் என்று கல்லாவில் இருந்த பெண் என்னிடம் சொன்னாள். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டு நழுவினேன்.

மறுநாள் அவரை ஆட்களின் முன்னால் நிறுத்த வேண்டாம் என்று கடைக்காரர் மாடிக்கு அனுப்பிவிட்டார். மாடியில் சரக்கு அறை. மூடிய கம்பெனிகளிலிருந்து மொத்தமாக வாங்கிப் போட்ட சட்டை மூட்டைகள் அங்கே கிடந்தன. "பாத்து அடுக்கி வையும்யா" என்று சொல்லியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அளவு பார்த்து, நிறம் பார்த்து அடுக்கியிருப்பான். இவரிடம் போய்ப் பார் என்றால்?

பையில் ஒரு ரோல் அம்பு வைத்திருந்திருக்கிறார். கம்பெனியில் கடைசியாக வேலை பார்த்த அன்று மணிக்கட்டில் மாட்டியிருந்த ரோலாம். இரண்டு நாள் அந்த மாடியில் நின்று ஒவ்வொரு சட்டையாகப் பார்த்து அம்பு ஒட்டி, ஒழுங்காக மடித்து, கீழே கொண்டுவந்து அலமாரியில் அடுக்கிவிட்டார். நானூறு சட்டையில் அம்பு விழாதது எழுபதுதான்.

வியாழக்கிழமை நான் சாப்பாட்டோடு உள்ளே நுழையவும் கடைக்காரர் கத்தவும் சரியாக இருந்தது.

"யோவ்! யாருய்யா என் கடைக்குள்ள அம்பு விட்டது?"

கையில் ஒரு சட்டை. ஏதோ ஒரு ஆளுக்குக் காட்ட எடுத்திருக்கிறார், மார்பில் மூன்று அம்பு. அடுத்ததை இழுத்தார், அதில் இரண்டு. அலமாரி முழுவதும் அப்படி.

"பாக்கச் சொன்னீங்க" என்றார் மாப்பிள்ளை.

"பாத்து அடுக்கச் சொன்னேன்யா! குறை கண்டுபிடிக்கவா சொன்னேன்? குறை இருக்குன்னு எனக்குத் தெரியாதா? குறை இருக்கறதாலதான்யா எனக்குச் சல்லிசா கெடச்சுது! நீ விக்க வந்தியா, இல்ல என் மேல கேஸு போட வந்தியா?"

மாப்பிள்ளை அந்தச் சட்டையை வாங்கி மடித்து வைத்தார்.

"எல்லாத்தையும் நீயே பிச்சு எடு. ஒண்ணு விடாம எடு. எடுத்துட்டு வீட்டைப் பாத்துப் போ. ஏம்மா, வாயத் தொறந்தா மூட மாட்டாருன்னு சொன்னியே, இந்த வாயா?"

நான் கீழே உட்கார்ந்து, ஒரு சட்டையை இழுத்து மடியில் போட்டு, நகத்தால் அம்பைப் பிய்க்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை நின்றுகொண்டே பிய்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. வேலை போகிறதே என்றுகூட இல்லை. பதினெட்டு வருஷம் ஒட்டின கை இப்போது பிய்க்கிறது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான் போல.

அப்போது ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி உள்ளே வந்தாள். நீல உடுப்பு, காலில் ரப்பர் செருப்பு. வேலை முடிந்து வந்த களைப்பு. நாங்கள் இன்னும் பிய்க்காத குவியலிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள்.

"இது என்னண்ணே அம்பு?"

மாப்பிள்ளை திரும்பினார். கேட்டால் சொல்லுவார், அதுதான் அவர் குணம். "பைக்குக் கீழ ரெண்டு தையல் விட்டிருக்கு."

"வேற?"

"வேற இல்ல. மத்த இடம் பாஸ்."

"காலர் சுருங்குமா?"

"சுருங்காது. உள்துணி நல்ல துணி."

"ரெண்டு தையல்தான? நானே போட்டுக்குவேன். இதையே குடுங்க." அவள் கடைக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அங்க தொங்குதே, அந்தச் சட்டையில என்ன கோளாறுன்னு எனக்கு யாரு சொல்லுவா? போன மாசம் இங்க வாங்கினதுதான் எங்க வீட்டுக்காரருக்கு. ஒரு தடவை தோச்சேன், கை கழண்டு கையில வந்துடுச்சு. இதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. தெரியாததுக்குத்தான் பயம்."

அவள் ஒன்று எடுத்தாள். பிறகு யோசித்துவிட்டு இன்னும் இரண்டு எடுத்தாள். ஒவ்வொன்றையும் மாப்பிள்ளையிடம் நீட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டாள். இது பட்டன் ஓட்டை பெரிசு. இது முதுகில் எண்ணெய்க் கறை, சாக்பீஸ் பொடி போட்டால் போகும். இன்னொரு பெண்ணும் நின்று கேட்டாள். பிறகு ஒரு கிழவர்.

கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "ஏம்மா, பிய்க்கறதை நிறுத்து" என்றார்.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வியாபாரி கேட்பானா? கடை மூடும்போது மாப்பிள்ளையிடம், "நாளைக்கு வந்துடும்யா. அந்த ரோல் தீந்தா எங்க கெடைக்கும்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. கையில் காசு இல்லாத காலம். புதுச் சட்டை வாங்கமுடியாதவர்கள், வேலைக்குப் பேட்டிக்குப் போகிறவர்கள், வேலை போன தையல்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். கடைக்காரர் வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தார். குறை சொல்லி விற்கிறோம் என்று அதில் எழுதியிருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். ஆட்கள் வந்து, "அம்புச் சட்டை இருக்கா?" என்று கேட்டார்கள். கேலியும் இருந்தது. ஒருத்தன், "அண்ணே, என் பொண்டாட்டிக்கும் ஒண்ணு ஒட்டி விடுங்க" என்றான். கூட நின்ற அவன் பெண்டாட்டி, "உனக்கு ஒட்டணும்னா ஒரு ரோல் பத்தாது, வாய மூடிக்கிட்டு நில்லு" என்றாள்.

கடையில் நாள் முழுவதும் ஒவ்வொரு அம்பையும் மாப்பிள்ளை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வருஷத்தில் பேசாததை ஒரு நாளில் பேசினார். சாயங்காலம் தொண்டை கட்டிப்போய் வருவார். மகள் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். அவர் குடிப்பார். வீட்டுக்கு என்று ஒரு வார்த்தை மிச்சம் இருக்காது. அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள். வகுப்பில் கற்ற அந்நிய பாஷையை முணுமுணுத்துக்கொண்டு பெட்டியில் துணி மடித்து வைப்பாள். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, தூங்குங்கள். மூன்று வாக்கியம்தான் அவளுக்கு வந்தது.

பிறகு ஆட்கள், குறையைச் சரிசெய்தே கொடுங்களேன் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர் மாடியில் ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டார். முதலில் ஒரு தையல்காரர் வந்தார். அவர் சரிசெய்த சட்டையை மாப்பிள்ளை பார்த்து, அதன்மேல் அம்பு ஒட்டினார். அந்த ஆள் மூன்றாம் நாள், "இந்த மனுஷன்கூட பேயும் குடித்தனம் பண்ணாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்து ஒரு பெண் வந்தாள். அவள் அழுதுகொண்டே போனாள்.

கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மாப்பிள்ளைக்குப் பிடிக்கிற மாதிரி தைக்க இந்த ஊர்ல யாருமே இல்லையா?"

"ஒருத்தி இருக்கா. பத்து நாள்ல பிளேன் ஏறப் போறா."

அன்று சாயங்காலம் கடையிலிருந்து மாப்பிள்ளையோடு சேர்ந்து நடந்து வந்தேன். கேட்டேவிட்டேன்.

"மாப்பிள்ள, அந்த மெஷின்ல உக்கார யாரு சரியா இருப்பான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அவகிட்ட சொல்லல? வாயில என்ன டபுள் தையலா போட்டிருக்கு?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். விளக்குக் கம்பம் தாண்டி, மருந்துக்கடை தாண்டி, எங்கள் படிக்கட்டு வந்துவிட்டது.

"அவளுக்குக் கெடச்சிருக்கறது நல்ல வேலை அத்தை. நான் பாஸ் பண்ணாத ஆளு. என்கூட இருன்னு எப்படிச் சொல்றது?"

அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. மூன்று மாடி ஏறி முடிப்பதற்குள் விளங்கியது. தன்னைத்தான் சொல்லியிருக்கிறார். மேல்படியில் நின்று மூச்சு வாங்கினேன்.

அன்று மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் நான் பட்ட கஷ்டத்தில் அதுவும் ஒன்று.

"கடையில மெஷின் வாங்கியிருக்காங்க" என்றார் மாப்பிள்ளை.

"தெரியும்."

"உக்கார ஆள் இல்ல."

"வேலை இல்லாத தையக்காரங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க."

"ரெண்டு பேர் வந்தாங்க. போயிட்டாங்க."

மகள் தட்டிலிருந்து கையை எடுத்தாள். "இப்ப என்ன சொல்ல வரீங்க? மெஷினுக்கு ஆள் வேணுங்கறீங்களா, நான் போகக் கூடாதுங்கறீங்களா?"

மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன், குடிக்கவில்லை.

"போகாதே" என்றார் மாப்பிள்ளை. பிறகு, "மெஷின் இருந்தாலும் இல்லாட்டியும்" என்றார்.

மகள் அழவில்லை. எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, "பதினாலு வருஷத்துல இப்பத்தான் எங்கிட்ட ஒண்ணு கேக்கறீங்க" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா, அலுப்பில் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. "பாஸ்போர்ட் அவன்கிட்ட இருக்கு. குடுக்க மாட்டான்" என்றாள்.

மறுநாள் மூன்று பேரும் ஏஜென்ட் ஆபீஸுக்குப் போனோம். சின்ன அறை, ஒரு மேஜை, பின்னால் இரும்பு அலமாரி, சுவர் ஓரமாக ஏழு நாற்காலி. ஏஜென்ட் முப்பது வயதுப் பையன். தலைமுடியில் எண்ணெயா தண்ணீரா என்று தெரியவில்லை, மினுமினுவென்று இருந்தான்.

"அக்கா, கையெழுத்துப் போட்டாச்சு. அந்த வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. இப்ப முடியாதுன்னா எப்படி?"

"கையெழுத்துப் போட்ட தாள்ல என்ன எழுதியிருந்தாலும் பாஸ்போர்ட் என்னோடதுதான? குடுங்க. பாக்கியை அப்புறம் பேசுவோம்."

"நாளைக்கு வாங்க. முதலாளி வெளியூர் போயிருக்காரு."

"இவ்வளவு நேரம் நீதான் முதலாளி மாதிரி பேசின?" என்றேன் நான்.

"பெரியம்மா, நீங்க சும்மா இருங்க. நாளைக்குன்னா நாளைக்கு."

மகள் என்னைப் பார்த்தாள். கிளம்பலாம் என்று நான் எழுந்தேன். மாப்பிள்ளை எழவில்லை. எழுவதற்கு அவர் உட்காரவே இல்லையே. மேஜைக்கு எதிரே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, நாளைக்கு."

"இருக்கேன்" என்றார் மாப்பிள்ளை.

அப்போது காலை ஒன்பதரை. அவர் நின்றார். நாங்கள் உட்கார்ந்தோம். ஏஜென்ட் போன் பேசினான், வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தான். அவர் நின்றுகொண்டிருந்தார். மணிக்கணக்காக நிற்பது பெரிய விஷயம் என்று அந்தப் பையன் நினைத்திருப்பான். பதினெட்டு வருஷம் சம்பளத்துக்கு நின்ற மனுஷன், இப்போது தனக்காக நிற்கிறார், கால் வலிக்குமா?

வேலைக்குப் போக விசாரிக்கப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். உள்ளே வந்ததும் நடு அறையில் நிற்கிற ஆளைத்தான் பார்ப்பார்கள்.

"என்னண்ணே, நீங்களும் வேலைக்கா?"

"இல்ல. என் வீட்டுக்காரி பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்க வந்திருக்கேன்."

"தர மாட்டேங்கறாங்களா?"

"நாளைக்குங்கறாங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. சட்டையில் குறை சொல்வதுபோல, உள்ளதை உள்ள இடத்தில் சொன்னார். முதல் பெண் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். அடுத்து அம்மாவும் பெண்ணுமாக வந்தவர்கள், கைப்பையில் இருந்து எடுத்த பாஸ்போர்ட்டைத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மூன்று மணிக்குள் ஆறு பேர் வந்து ஆறு பேரும் போய்விட்டார்கள்.

"அண்ணே, வெளிய நில்லுங்களேன்."

"இங்கயே இருக்கேன்."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க."

கூப்பிடவில்லை. நாலு மணி இருக்கும். ஏஜென்ட் அலமாரியைத் திறந்து, கட்டிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை உருவி மேஜைமேல் விட்டெறிந்தான். "எடுத்துட்டுப் போங்க. இந்தப் பக்கமே வந்துடாதீங்க."

நான் பாய்ந்து எடுக்கப் போனேன். மாப்பிள்ளை கையை நீட்டித் தடுத்தார். அவரே எடுத்தார். டியூப்லைட்டுக்குக் கீழே போய் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"இது அவ இல்ல" என்றார்.

வேறு ஒரு பெண்ணின் பாஸ்போர்ட். வேண்டுமென்று கொடுத்தானோ, அவசரத்தில் மாறியதோ தெரியாது. ஏஜென்ட் முகம் வெளுத்துப்போய், கட்டு முழுவதையும் மேஜையில் கொட்டித் தேடினான். அத்தனை பாஸ்போர்ட். அத்தனை பெண்கள். மகள் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடையது கிடைத்தது. மாப்பிள்ளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஏஜென்ட் பொறுமை இழந்து, "எல்லாம் சரியாத்தான் இருக்குண்ணே" என்றான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார்.

படி இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். மாப்பிள்ளை நடக்கும்போது ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். வலிக்கத்தான் செய்திருக்கிறது. காரியம் ஆகிவிட்டது, சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வெயிலில் கண் கூசியது.

மகள் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருந்தாள், பைக்குள் போடவில்லை.

"எனக்குக் கொஞ்சம் ஆசை இருந்துச்சு" என்றாள் அவரைப் பார்க்காமல். "அந்த ஊரைப் பாக்கணும்னு. பிளேன்ல போகணும்னு. உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுக் கொஞ்ச நாள் இருந்து பாக்கணும்னு."

வேறு நாளாக இருந்தால் நான் அவளைத் திட்டியிருப்பேன்.

"தெரியும்" என்றார் மாப்பிள்ளை.

"தெரிஞ்சுதான் போகாதேன்னீங்களா?"

"தெரிஞ்சுதான் கேட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா, அப்படியா என்று ஆட்டினாளா, தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மெஷின் எந்த மெஷினு? மேல வெளிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

"டியூப்லைட் ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணு பத்தாது. இன்னொண்ணு போடச் சொல்லுங்க. நாளைக்கே சொல்லுங்க. வாயத் தொறந்து சொல்லணும்."

"சொல்றேன்."

பஸ் வந்தது. ஒரு இடம்தான் காலியாக இருந்தது. நான் உட்கார்ந்துகொண்டேன்.